கையில் விழுந்த ஒரு துளி

ஒரு காலத்தில், மலாயாவின் பிற பகுதிகளைப் போலவே ஜொகூர் ரப்பர் தோட்டங்களிலும் சோகை நோய் பரவலாக இருந்தது. வெறுங்காலுடன் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளர்கள் பலர் வெளிறிய முகத்துடன் மூச்சிரைக்க நடந்தனர். அவர்களது சோர்வைச் சோம்பல் என்று கருதியோரும் உண்டு. உண்மையில், அவர்களுள் பலரின் சிறுகுடலில் நாள்தோறும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் கொக்கிப்புழு. அப்புழு உடலுக்குள் நுழையும் வழியைக் கண்டறிந்தவர் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிவியலாளர்.

லூஸ் 1861ஆம் ஆண்டு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்ந்தார். பின்னர், எகிப்துக்குச் சென்று கெய்ரோ மருத்துவப் பள்ளியில் பணியாற்றினார். அந்நகரில்தான் 1852ஆம் ஆண்டு கிரீசிங்கர் என்னும் மருத்துவர், இறந்துபோன ஒரு சோகை நோயாளியின் உடலைச் சோதித்தார். சிறுகுடலில் இரத்தம் நிறைந்திருந்தது. அதன் சுவரை எண்ணற்ற கொக்கிப்புழுக்கள் கவ்வியிருந்தன. இரத்தக் கசிவின் காரணம் இவ்வாறு தெரியவந்தது. ஆயினும், புழு எவ்வழியே குடலை அடைகிறது என்பது தெளிவாகவில்லை. உணவும் நீருமே காரணம் என்று பலரும் நம்பினர்.

ஒருநாள், இளம்புழுக்கள் கலந்த நீரைக் கினிப்பன்றிகளுக்குப் புகட்டி லூஸ் சோதனை செய்துகொண்டிருந்தார். தவறுதலாக ஒரு துளி அவரது கையில் விழுந்தது. அவ்விடம் சிவந்து எரிந்தது. வியப்படைந்த அவர், மற்றொரு துளியைத் தாமே கையில் விட்டுக்கொண்டார். சில நிமிடங்கள் கழித்து அதைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பெரும்பாலான புழுக்களைக் காணவில்லை. அவை கழற்றிவிட்ட மேலுறைகளே எஞ்சியிருந்தன. சில வாரங்களுக்குப் பின், அவரது மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. ஆய்வாளரே நோயாளியானார்!

அறிஞர் பலர் இதனை நம்ப மறுத்தனர். லூஸ் மனந்தளரவில்லை. நாய்களைக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தோலைத் துளைத்துப் புகும் புழு, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைகிறது. மூச்சுக்குழாயில் மேலேறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கிறது என்று நிறுவினார். முதலாம் உலகப் போர் மூண்டபோது எகிப்தை விட்டு வெளியேறிய அவர், 1923ஆம் ஆண்டு ஜெர்மனியில் காலமானார்.

அவரது கண்டுபிடிப்பு நம் நாட்டுக்கும் பயன்பட்டது. 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக்குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்தது. மலச்சோதனை நோயைக் காட்டிக்கொடுத்தது. புழுமருந்து அதனைக் குணப்படுத்தியது. கழிப்பறையும் காலணியும் அது மீண்டும் வராமல் தடுத்தன.

சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று பழிப்பதற்கு முன், சோர்வின் காரணத்தைத் தேட வேண்டும். லூஸின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.