குளிர்காலம் இல்லாத ஊரில் ஒரு தோட்டக்காரர்

நான் ஆறாம் படிவம் படித்து முடித்த ஆண்டு அது. பூச்செடிக் கடையில் மூன்று டாஃபடில் கிழங்குகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். ஒரு சாண் உயரமே வளரும் குட்டை ரகம். பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும்; ஆனால் நச்சுத்தன்மை உள்ளது, சமையலறைப் பக்கம் கொண்டு போகக் கூடாது. ஜோர்ஜ் டவுனில் எங்கள் வீட்டு முன்வாசலில் தொட்டியில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் செழிப்பாக வந்தன. பூ மட்டும் வரவில்லை. கடைசியில் இலைகளும் மஞ்சளித்துச் சாய்ந்துவிட்டன.

அதே நாட்களில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி, சீனப் புத்தாண்டுக்காகப் பீங்கான் கிண்ணத்தில் கூழாங்கல்லைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அதில் சில கிழங்குகளை வைத்திருந்தார். மண்ணே இல்லை. ஆனாலும் ஐந்தாறு வாரங்களில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள் பூத்து வீடெல்லாம் மணத்தது. அதன் பெயர் சுய் சியேன். அதுவும் டாஃபடிலும் நார்சிசஸ் என்ற ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்று பூத்தது, இன்னொன்று ஏன் பூக்கவில்லை?

விடை எளிமையானது. டாஃபடில் கிழங்குக்குள் மொட்டு முன்பே உருவாகிவிடுகிறது. ஆனால் அந்த மொட்டைத் தாங்கும் தண்டு நீண்டு வெளியே வர, கிழங்கு சுமார் 12 வாரங்களுக்கு மேல் கடுங்குளிரில் கிடக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த வேலையைக் குளிர்காலம் செய்துவிடும். சுய் சியேனுக்கோ வெப்பத்தில்தான் மொட்டு கட்டும்; பூக்கக் கடுங்குளிர் தேவையில்லை. 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நம் கொடிமலை உச்சியில்கூட டாஃபடில் கேட்கும் குளிர் கிடைக்காது.

இந்த விடையைத் தேடிப் படித்தபோதுதான் சார்ல்ஸ் கர்டிஸ் எனக்கு அறிமுகமானார். கொடிமலையில் மரங்களுக்கு மேலே உள்ள நடைபாதை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பினாங்கு மாணவர்கள் பலர் அங்கே படம் எடுத்திருப்பார்கள். அவர் யார் என்று கேட்டிருப்போமா?

நாற்றுப் பண்ணையில் தொடங்கிய படிப்பு

கர்டிஸ் 1853ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில், பார்ன்ஸ்டபிள் என்ற ஊரில் பிறந்தார். குளிர்கால இறுதியில் டாஃபடில் பூக்கும் நாடு அது. பெரிய பட்டம் எதுவும் பெற்றுத் தாவரவியலுக்குள் வந்தவர் அல்லர். நாற்றுப் பண்ணையில் கையில் மண் ஒட்ட வேலை பார்த்துத் தொழில் கற்றவர். பிறகு லண்டன் செல்சியில் இருந்த புகழ்பெற்ற வீட்ச் நிறுவனத்தில் சேர்ந்தார். உலகம் முழுவதும் ஆட்களை அனுப்பி, புதிய செடிகளைக் கொண்டு வந்து, வளர்த்து விற்பது அந்த நிறுவனத்தின் தொழில்.

1878ல் கர்டிஸுக்கு அந்த வாய்ப்பு வந்தது. மொரிசியஸுக்கும் மடகாஸ்கருக்கும் போனார். அடுத்துப் போர்னியோ, சுமத்ரா, ஜாவா. மேரியான் நார்த் என்ற பெண் ஓவியர் சரவாக்கில் ஒரு பெரிய குடுவைச் செடியை வரைந்திருந்தார். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்று சொல்லும் செடி வகை அது. அதுவரை யாரும் விவரித்திராத இனம் என்பது அந்த ஓவியத்திலிருந்தே தெரிந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கர்டிஸிடம் வந்தது; அவர் கண்டுபிடித்தார்.

எல்லாப் பயணமும் அப்படி முடியவில்லை. டச்சுக்காரர் ஆண்ட போர்னியோவில் பொந்தியானாக் பக்கம் ஓர் அரிய ஆர்க்கிட்டைத் தேடிப் போனார். அது கிடைக்கவில்லை. திரட்டிய மற்றச் செடிகளோடு திரும்பும்போது படகு கவிழ்ந்தது. செடிகள், துணிமணி, கருவிகள் எல்லாம் ஆற்றோடு போயின. உயிர் தப்பியதே பெரிது. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

தண்ணீர்மலைக்கு வந்தார்

1884ல் கர்டிஸின் வாழ்க்கை திசை மாறியது. நீரிணைக் குடியேற்றங்களின் தோட்ட, வனத் துறையில் பினாங்குக்குப் பொறுப்பாளராக வந்தார். அதுவரை ஒவ்வொரு காட்டிலும் செடியைப் பிடுங்கி வேறு நாட்டுக்கு அனுப்பியவர், இப்போது ஓர் இடத்தில் நின்று செடி வளர்க்க வேண்டும்.

பினாங்கில் அதற்கு முன்பும் அரசாங்கத் தோட்டங்கள் தோன்றின. நறுமணப் பயிர்களுக்காகத் தொடங்கி, பணமும் அக்கறையும் குறைந்ததும் கைவிடப்பட்டன. கர்டிஸுக்குக் கிடைத்த இடம், நாம் தண்ணீர்மலை என்று அழைக்கும் அருவிப் பள்ளத்தாக்கு. கருங்கல் உடைத்துக் கைவிட்ட பழைய குவாரியும் அதில் அடக்கம். அதைத்தான் புல்வெளியும் வளைந்து செல்லும் பாதையும் செடி வீடுகளுமாக மாற்றினார். பள்ளத்தாக்கின் வடிவத்தை அழிக்காமல், ஆறு போகும் வழியிலேயே தோட்டத்தை நடக்கவிட்டார். இன்றும் அங்கே நடக்கும்போது காடு எங்கே முடிகிறது, பூங்கா எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

ஒருவர் தனியாகப் பூங்கா அமைத்துவிட முடியாது. கல்லைப் புரட்டியவர்களும் மண் சுமந்தவர்களும் பலர். அவர்கள் பெயர் கர்டிஸின் பெயரைப் போல நிலைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது அதையும் நினைவில் வைப்பது நியாயம்.

பூங்காவோடு அவர் நிற்கவில்லை. பினாங்கின் மலைகளிலும் லங்காவி முதலிய தீவுகளிலும் அலைந்து செடிகளைச் சேகரித்தார். பினாங்குத் தீவில் தானாக வளரும் பூச்செடிகளுக்கும் பெரணிகளுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து 1894ல் வெளியிட்டார். இங்கே என்ன வளர வேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லை. இங்கே என்ன வளர்கிறது என்று முதலில் கவனித்தார். அவர் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

அழியப் பார்த்த தோட்டம்

ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்த பிறகு, 1903ல் உடல்நலம் குன்றி ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஏழே ஆண்டுகளில் ஒரு செய்தி வந்தது. நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று, பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கும் திட்டத்துக்காக 1910ல் பூங்கா நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. அது நடந்திருந்தால் கர்டிஸின் வேலை முழுவதும் தண்ணீருக்கடியில் போயிருக்கும். போர்னியோவில் ஆற்றோடு போன செடிகளைப் போல! நல்லவேளை, திட்டம் நிறைவேறவில்லை. 1912ல் பூங்கா மீண்டும் அரசாங்கத் தோட்டத் துறையின் கைக்கு வந்தது. கர்டிஸ் பிறந்த ஊரான பார்ன்ஸ்டபிளிலேயே 1928ல் காலமானார். அவர் அமைத்த பூங்கா இன்றும் இருக்கிறது.

மாணவர்களே, டாஃபடில் பூக்காத அந்த ஆண்டில்தான் என் தேர்வு முடிவும் வந்தது. கேட்ட படிப்பு கிடைக்கவில்லை. கிடைத்த படிப்பை எடுக்க மனமில்லாமல் பல நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன். படகு கவிழ்ந்த மனிதர், கைவிடப்பட்ட குவாரியில் தோட்டம் போட்ட கதையைப் படித்த பிறகு, தண்ணீர்மலைக்கு நடந்து போய் அந்த ஆற்றோரம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கிடைத்த படிப்பையே ஏற்றுக்கொண்டேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

டாஃபடிலையும் நான் விட்டுவிடவில்லை. அடுத்த முறை புதுக் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு, 14 வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். பழங்களை மட்டும் பக்கத்தில் வைக்கவில்லை. பழுக்கும்போது அவை வெளிவிடும் வாயு மொட்டைக் கருக்கிவிடும். மூன்றில் ஒன்று பூத்தது. நம் வெயிலில் நான்கு நாள்தான் தாங்கியது. அந்த நான்கு நாளும் பள்ளித் தோழர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் பக்கத்து வீட்டு ஆண்டியிடம் கேட்டுச் சுய் சியேன் வைக்கிறேன். தவறாமல் பூக்கிறது. பூக்காத செடியைக் குறை சொல்வதற்கு முன், அதற்கு என்ன பருவம் வேண்டும் என்று கேட்க வேண்டும். நம்மைப் பற்றியும் நாம் அப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.