ஹென்றி சிதம்பரம்

ஹென்றி சிதம்பரம் (ஜூலை 5, 1863 - செப்டம்பர் 22, 1952) கரிபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் பிறந்து வாழ்ந்த தமிழ் வம்சாவளித் தலைவர் ஆவார். காரைக்கால், புதுச்சேரி முதலிய துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904ஆம் ஆண்டு தொடங்கிப் போராடினார். 1923ஆம் ஆண்டு அப்போராட்டம் வெற்றி பெற்றது. குவாதலூப்பில் வாழும் இந்திய வம்சாவளியினர் அவரைத் தம் சமூகத்தின் முதன்மையான முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

பின்னணி: காரைக்காலும் கூலிக் குடிபெயர்வும்

1848ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களுள் பலர் தம்மை வருத்திய கரும்புத் தோட்டங்களில் தொடர்ந்து உழைக்க விரும்பவில்லை. ஆகவே குவாதலூப்பு, மர்தினீக்கு, ரீயூனியன் ஆகிய தீவுகளின் தோட்ட உரிமையாளர்கள் குறைந்த கூலிக்கு வேறு ஆட்களைத் தேடினர். அவர்களின் பார்வை இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர்களின் மேல் விழுந்தது.

காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பகுதியாகும். காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. இதன் நிலப்பகுதி சிறியது. ஆனால் இதனைச் சுற்றிலும் மக்கள் நெருக்கம் மிகுந்த தஞ்சாவூர் மாவட்டம் இருந்தது. அம்மாவட்டமோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நிலமற்ற உழவுத் தொழிலாளர்களும் கடனில் மூழ்கியவர்களும் பஞ்சத்தால் ஊரை விட்டு வெளியேறியவர்களும் மேஸ்திரிகளின் பேச்சை நம்பி எல்லையைக் கடந்து காரைக்காலுக்கு வந்தனர். கப்பல் புறப்படும் வரை அவர்கள் கூலிக் கிடங்குகளில் தங்க வைக்கப்பட்டனர். இவ்வாறு காரைக்காலில் கப்பல் ஏறியோருள் பெரும்பாலோர் உண்மையில் ஆங்கிலேய இந்தியாவின் மக்களாவர். பின்னாளில் எழுந்த குடியுரிமைச் சிக்கலுக்கு இதுவே வேராக அமைந்தது.

ஒப்பந்தம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செய்யப்பட்டது. மாதக் கூலியாக ஆணுக்கு 12.50 பிராங்கும் பெண்ணுக்கு 10 பிராங்கும் சிறுவர்க்கு 5 பிராங்கும் குறிக்கப்பட்டன. உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் தர வேண்டும் என்பதும், ஒப்பந்தம் முடிந்தபின் இலவசமாகத் தாயகம் திரும்பலாம் என்பதும் அதன் விதிகளாகும். நடைமுறையில் இவை முறையாகப் பின்பற்றப்படவில்லை. வேலைக்கு வராத நாள்களுக்குக் கூலி பிடிக்கப்பட்டது. தோட்டத்தை விட்டு வெளியே நடமாடுவோர் நாடோடிகள் எனக் கைது செய்யப்பட்டனர்.

பாய்மரக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. குவாதலூப்புக்கு இந்தியர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ஒரேலி, 1854ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அத்தீவை அடைந்தது. அது முதல் 1889ஆம் ஆண்டு வரை சுமார் 42,000 இந்தியர்கள் அங்கு சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்து வட இந்தியரும் சென்றனர். நோயாலும் கடும் உழைப்பாலும் ஏராளமானோர் இறந்தனர். ஒரு பகுதியினர் மட்டுமே தாயகம் திரும்பினர். எஞ்சியோர் அங்கேயே வேரூன்றினர். தொழிலாளர்கள் நடத்தப்பட்ட முறை குறித்த முறையீடுகளை அடுத்து, 1888ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு பிரெஞ்சுக் கரிபியத் தீவுகளுக்கான குடிபெயர்வை நிறுத்தியது.

பிறப்பும் சூழலும்

முதல் கப்பல் வந்து ஒன்பது ஆண்டுகள் நிறைவதற்குள், 1863ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று, கபெஸ்தேர் என்னும் ஊரில் ஹென்றி சிதம்பரம் பிறந்தார். இவருடைய பெற்றோர் இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள். கபெஸ்தேர் குவாதலூப்பின் மேற்குப் பகுதியான பாஸ்-தேரின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது. எரிமலையின் அடிவாரத்தில் இருப்பதால் மழை வளமும் நீரோடைகளும் மிகுந்த ஊர். அக்காலத்தில் அதனைச் சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்தன. 1960ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் சான்-ஜான் பெர்சின் தாய்வழிக் குடும்பத்திற்கு உரிமையான புவா-தெபூ தோட்டமும் அவ்வூரைச் சேர்ந்ததே. குவாதலூப்பில் இந்தியர்கள் செறிந்து வாழும் இடங்களுள் கபெஸ்தேர் இன்றும் முதன்மையானது.

ஹென்றி சிதம்பரம் வளர்ந்த காலத்தில் குவாதலூப்பின் சமூகத்தில் இந்தியர்கள் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தனர். வெள்ளைத் தோட்ட உரிமையாளர்களுக்கு அவர்கள் வெறும் கூலிகள். 1848ஆம் ஆண்டே குடிமக்களாகிவிட்ட கறுப்பின மக்களோ, இந்தியர்களின் வரவால் கூலி குறைந்தது என்று கருதினர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டு நின்ற அவர்களுக்காகப் பேசுவதற்குப் படித்தவர்கள் மிகச் சிலரே இருந்தனர். பிரெஞ்சு மொழியிலும் சட்டத்திலும் தேர்ச்சி பெற்று உள்ளூர் அரசியலில் ஈடுபட்ட ஹென்றி சிதம்பரம் அச்சிலருள் ஒருவராக விளங்கினார்.

பெயர்

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. பிரெஞ்சுப் பதிவேடுகளிலோ குடும்பப் பெயர் இன்றியமையாதது. எனவே கப்பலில் வந்தவரின் இயற்பெயரே அவருடைய வழித்தோன்றல்களுக்குக் குடும்பப் பெயராகி நிலைத்தது. எழுத்தர்கள் தம் காதில் விழுந்தவாறு அப்பெயர்களை எழுதினர். சிதம்பரம் என்பது பிரெஞ்சு எழுத்தில் சிதம்பரோம் என்றானது. முத்துசாமி, ராமசாமி, சின்னசாமி, வீரப்பன், நாகப்பன் போன்ற பெயர்களும் இவ்வாறே சற்றுத் திரிந்து இன்றளவும் அத்தீவில் வழங்கி வருகின்றன. முன்பெயர் கிறித்தவப் பெயராகவும் பின்பெயர் தமிழ்ப் பெயராகவும் அமைவது அங்குள்ள வழக்கம். ஹென்றி சிதம்பரம் என்னும் பெயரும் அத்தகையதே.

குடியுரிமைச் சிக்கல்

1861ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று பிரான்சும் பிரித்தானியாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆங்கிலேய இந்தியாவிலும் ஆள் திரட்டுவதற்குப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இசைவளித்தது. அதற்கு ஈடாக, குடிபெயர்ந்தோர் பிரித்தானிய அரசின் பாதுகாப்பில் உள்ளவர்களாகக் கருதப்பட்டனர். துறைமுகங்களில் பிரித்தானிய முகவர்கள் அமர்த்தப்பட்டனர். தொழிலாளர்கள் முறையிட விரும்பினால் பிரித்தானியத் தூதரகத்தை அணுகலாம் என்றும் வகை செய்யப்பட்டது.

தற்காலிகமாக வந்து திரும்பும் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தியது. திரும்பாமல் தங்கியவரின் பிள்ளைகள் யார் என்னும் கேள்விக்கு அதில் விடை இல்லை. அவர்கள் குவாதலூப்பில் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் தீவின் நிருவாகம் அவர்களை அயலார் என்றே கொண்டது. பிரித்தானிய அரசுக்கும் அவர்கள் மேல் அக்கறை இருக்கவில்லை. பெற்றோரின் ஒப்பந்தம் முடிந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும் பிள்ளைகளின் நிலை தெளிவற்றே இருந்தது.

பிரான்சில் 1889ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று புதிய குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அயல்நாட்டுப் பெற்றோருக்குப் பிரெஞ்சு மண்ணில் பிறந்து, முழு வயதை அடையும்போது அங்கேயே வசிப்பவர் பிரெஞ்சுக் குடிமகன் ஆவார் என அச்சட்டம் கூறியது. குவாதலூப்பு, மர்தினீக்கு, ரீயூனியன் ஆகிய தீவுகளுக்கும் அது பொருந்தும் என வெளிப்படையாகவே குறிக்கப்பட்டது. அதன்படி நோக்கினால் தீவில் பிறந்த இந்தியரின் பிள்ளைகள் குடிமக்களே. நிருவாகமோ அதை ஏற்கத் தயங்கியது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் குறிப்பிட வேண்டும். அதே காலத்தில் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்த பிரெஞ்சிந்திய ஆண்கள், வாக்காளர் பட்டியல்கள் பிரிக்கப்பட்டிருந்த போதிலும், பாரிசு நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வந்தனர். அதே காரைக்காலில் கப்பல் ஏறியவரின் மகனுக்குக் குவாதலூப்பில் நகராட்சித் தேர்தலில் கூட வாக்களிக்கும் உரிமை ஐயத்துக்கு உள்ளானது.

1904ஆம் ஆண்டு வழக்கு

1904ஆம் ஆண்டு, குவாதலூப்பில் பிறந்த இந்தியரின் மகன்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெறுவதை ஆளுநர் விகோம்த் தெ லா லுவாயேர் எதிர்த்தார். ஹென்றி சிதம்பரம் இதனை எதிர்த்து வழக்காடினார். அப்போது அவருக்கு வயது 40. எதிரே நின்றவர் தீவின் மிக உயர்ந்த அதிகாரி. தோற்றால் இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. தீவில் பிறந்த இந்தியர் அனைவரும் தலைமுறை தலைமுறையாக அயலாராகவே இருக்க நேரிடும்.

அவ்வழக்கின் மையக் கேள்வி எளிமையானது. இந்திய வம்சாவளியினர் தனிச் சலுகை எதையும் கோரவில்லை. நடப்பில் இருந்த சட்டத்தை மற்றவர்களுக்குப் போலவே தமக்கும் பொருத்த வேண்டும் என்றே கோரினர். தந்தை ஆங்கிலேய இந்தியாவிலிருந்து வந்தாரா, பிரெஞ்சிந்தியாவிலிருந்து வந்தாரா என்னும் ஆராய்ச்சி அவருடைய மகனின் உரிமைக்குத் தேவையற்றது; பிறந்த மண்ணே உரிமையைத் தருகிறது என்பது இக்கோரிக்கையின் அடிப்படை.

இவ்வழக்கின் வரலாற்றை ஹென்றி சிதம்பரம் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலாகத் தொகுத்தார். அரசியல் வழக்கு எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூல் 1990ஆம் ஆண்டு மறுபதிப்பாக வெளிவந்தது. குவாதலூப்பு இந்தியர்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அது இன்றியமையாத மூல நூலாகத் திகழ்கிறது.

1923ஆம் ஆண்டு முடிவு

இச்சிக்கல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. இடையில் 1913ஆம் ஆண்டு முதல் பிரான்சின் பழைய குடியேற்றத் தீவுகளில் கட்டாய இராணுவ சேவை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது. குடியுரிமையும் இராணுவக் கடமையும் பிரிக்க முடியாதவை என்பதால், இந்திய வம்சாவளியினரின் நிலையைத் தெளிவாக்குவது பிரெஞ்சு அரசுக்கும் தேவையாயிற்று.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று, அப்போதைய பிரெஞ்சுத் தலைமை அமைச்சர் ரேமோன் புவான்காரே குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களின் குடியுரிமையை ஏற்கும் முடிவைத் தெரிவித்தார். இதனால் அவர்கள் வாக்குரிமை பெற்றனர். இராணுவ சேவைக்கும் உரியவர் ஆயினர். வழக்கைத் தொடங்கியபோது நாற்பது வயதினராக இருந்த ஹென்றி சிதம்பரம் அப்போது அறுபதை நெருங்கியிருந்தார். முதல் கப்பல் வந்து 68 ஆண்டுகள் கடந்திருந்தன. குடிபெயர்ந்து வந்த முதல் தலைமுறையினருள் மிகப் பலர் இம்முடிவைக் காணாமலே இறந்துவிட்டனர்.

பிற்காலம்

1946ஆம் ஆண்டு குவாதலூப்பு, குடியேற்ற நாடு என்னும் நிலையிலிருந்து பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு இந்தியா விடுதலை பெற்றது. இவ்விரு நிகழ்வுகளையும் காணும் அளவுக்கு ஹென்றி சிதம்பரம் நீண்ட காலம் வாழ்ந்தார். 1952ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று தம் 89ஆம் வயதில் காலமானார்.

அப்போது காரைக்கால் இன்னும் பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று அதன் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அதையொட்டிக் காரைக்கால் மக்களும் இந்தியக் குடியுரிமையா பிரெஞ்சுக் குடியுரிமையா என்று தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

மரபும் தாக்கமும்

குடியுரிமை கிடைத்தபின் இந்திய வம்சாவளியினர் கல்வியிலும் அரசியலிலும் படிப்படியாக முன்னேறினர். அவர்களுள் ஒருவரான எர்னெஸ்ட் முத்துசாமி 1981ஆம் ஆண்டு பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே வேளையில் தமிழ்மொழி அங்குப் பேச்சு வழக்கிலிருந்து மறைந்து, கிரெயோல் மொழி அதன் இடத்தைப் பிடித்தது. வழிபாட்டிலும் உணவிலும் பழைய அடையாளங்கள் நிலைத்துள்ளன. மாரியம்மன் அங்கு மாலியேமேன் என வணங்கப்படுகிறாள். காரைக்காலுக்கு அருகிலுள்ள நாகூரின் ஆண்டவரும் கொடிமரம் நாட்டி நினைவுகூரப்படுகிறார். தெருக்கூத்தை ஒத்த ஆடல் நிகழ்ச்சி நாத்ரோன் எனப்படுகிறது. இது நாடகம் என்னும் சொல்லின் திரிபாகும். கொலம்போ எனப்படும் மசாலாக் குழம்பு, இந்தியர் மட்டுமன்றித் தீவினர் அனைவரும் விரும்பி உண்ணும் உணவாகும். கபெஸ்தேரில் உள்ள ஷாங்கி கோயில் அத்தீவின் இந்துக் கோயில்களுள் புகழ் பெற்றது.

2004ஆம் ஆண்டு இந்தியர்கள் குவாதலூப்புக்கு வந்ததன் 150ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவேடுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவர்களின் பிள்ளைகள் தாம் பிறந்த நாட்டில் உரிமையுள்ள குடிமக்களாக வாழ வழி வகுத்தவர் என்ற முறையில் ஹென்றி சிதம்பரம் வரலாற்றில் இடம்பெறுகிறார்.