டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

பிறப்பைக் காட்டிக் கல்விச் சாலையின் வாயிலை அடைப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். அவ்வாயிலைத் திறந்து உள்ளே சென்றதோடு நில்லாது, பிறருக்கும் திறந்துவைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாள். மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது, பெண் என்றும், தாயின் குலம் இன்னது என்றும் காட்டி எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் ஆணையால் இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார்.

1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்நோயை முதலில் சீதபேதி என்றே எண்ணினர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தம் வீட்டுத் துயரை நாட்டின் துயராகக் கொண்டார் அம்மையார். சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியபோதும், ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டபோதும், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. பிழைக்காத நோய்க்குப் பொருளைச் செலவிடுவதா என்று தயங்கியோர் பலர். அம்மையாரோ வீடுவீடாகச் சென்று நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் அங்கு வந்து சேர்ந்தது. உடலைக் கீறாமலே உள்ளிருக்கும் கட்டியைக் கதிரால் அழிக்கும் வழி ஏழைக்கும் எட்டியது. 1968-இல் அம்மையார் மறைந்தார்.

அவர் குலம் வேறு, நம் குலம் வேறு. நாம் பட்ட தீண்டாமையின் கொடுமையும் வேறு. ஆயினும், பிறப்பால் வந்த இழிசொல்லைப் படிப்பால் வென்ற அவ்வழி நமக்கும் உரியது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம் பெற்றோர் மூட்டை சுமந்தும், ஆலைப் புகையில் வெந்தும் நம்மை வளர்த்தனர். நோயுற்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாயிலில் வரிசையில் நின்றவர்கள் நாம். இனி அவ்வறையின் உள்ளே நின்று கருவியை இயக்குவோராகவும் நாம் ஆதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர்க்குக் கதிர்ப்படத் தொழில்நுட்பத்திலும், கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பத்திலும் பி.எஸ்சி. பட்டப்படிப்புகள் உள்ளன. முன்னது நோயைக் காணும் கலை. பின்னது நோயைத் தீர்க்கத் துணை நிற்கும் கலை. கதிர் குறியிலிருந்து சிறிது விலகினும் நல்ல தசை கெடும். ஆதலின் இங்கு கவனமே முதற் கல்வி.

இளைஞர்களே! மருத்துவர் ஆவது ஒன்றே மருத்துவத் துறையின் வாயில் என்று எண்ணி மனம் சோர வேண்டா. வாயில்கள் பல. இயற்பியல் நூலை அஞ்சாது கையில் எடுங்கள். நம் தெருவிலிருந்து ஒருவர் அக்கருவியின் முன் நிற்கும் நாளே இவ்வெள்ளிவிழாவின் பயனாகும்.