ஒதுக்கிய நாட்டுக்காகவே வாள் பிடித்தவர்: யார் இந்த ஹெலன் மேயர்?

எலவனாசூர்கோட்டை பக்கம் வாள் என்றதும் தெருக்கூத்து ராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். வாள்வீச்சு ஒலிம்பிக்கில் இருப்பதே, சென்னை பவானி தேவி 2021-ல் டோக்கியோ போனபிறகுதான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனா அதற்கு 93 வருஷம் முன்பே, 17 வயதில் தங்கம் ஜெயித்தவர் ஹெலன் மேயர்.

1910-ல் ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் பிறந்தார். அப்பா யூத டாக்டர், அம்மா கிறிஸ்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம், 1929, 1931-ல் உலக சாம்பியன் என ஜெர்மனியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

1933-ல் என்ன நடந்தது?

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அப்பா யூதர் என்பதால், சொந்த ஊர் கிளப்பே மேயரை நீக்கியது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர் அங்கேயே தங்கி, கல்லூரியில் பாடம் நடத்தினார்.

பிறகு ஏன் ஜெர்மனிக்காக ஆடினார்?

யூதர்களை ஒதுக்கினால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிப்போம் என அமெரிக்காவில் குரல் எழுந்தது. அதைச் சமாளிக்கவே நாஜி அரசு மேயரைக் கூப்பிட்டது. அவரும் போனார், வெள்ளி ஜெயித்தார். தங்கம் வென்ற ஹங்கேரியின் இலோனா எலெக்கும் யூத வம்சாவளிதான்.

பதக்க மேடையில் மேயர் நாஜி சல்யூட் வைத்தார். ஜெர்மனியில் இருந்த குடும்பத்துக்காகவா, இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவா? விவாதம் இன்னும் ஓயவில்லை.

1937-ல் மறுபடி உலக சாம்பியன். 1952-ல் நாடு திரும்பியவர், அடுத்த வருஷமே புற்றுநோயால் இறந்தார். வயது 42. கிளப்பில் பெயரை அடித்த அதே நாட்டில், 1968-ல் அவர் முகம் தபால் தலையில் வந்தது.