நாய்களிடம் பாடம் கேட்ட அறிஞர் பாவ்லோவ்



நாய் வளர்க்கும் வீடுகளில் நாள்தோறும் நிகழும் ஒன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். உணவுத் தட்டை எடுக்கும் ஓசை கேட்டவுடனே நாய் துள்ளி ஓடி வரும். உணவு அதன் வாயில் இன்னும் படவில்லை. ஆயினும் உமிழ்நீர் ஒழுகத் தொடங்கிவிடும். இஃது ஏன்? தட்டின் ஓசைக்கும் நாயின் எச்சிலுக்கும் என்ன தொடர்பு? இதனை அற்பக் கேள்வி என்று தள்ளாமல், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்த பெருமகனார் ஒருவர் இருந்தார். அவரே ருஷ்ய நாட்டு அறிஞர் இவான் பெத்ரோவிச் பாவ்லோவ்.

பாவ்லோவ் 1849ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ரியாசான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு தேவாலயக் குரு. சிறு வயதில் உயரத்திலிருந்து விழுந்து கடுமையாக அடிபட்டதால், பாவ்லோவ் பதினொரு வயதில்தான் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. தந்தையைப் போலவே குருவாக வேண்டும் என்று சமயக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆனால், டார்வினின் கருத்துகளும், மூளையின் அனிச்சைச் செயல்கள் குறித்துச் செச்செனோவ் என்ற ருஷ்ய அறிஞர் 1863இல் எழுதிய நூலும் அவர் உள்ளத்தை ஈர்த்தன. 1870ஆம் ஆண்டு சமயக் கல்வியை விட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சென்றார். பின்னர் மருத்துவமும் கற்று, 1883இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1881இல் செராஃபீமா என்னும் மங்கையை மணந்தார். இல்லறத்தின் தொடக்க ஆண்டுகள் வறுமையிலேயே கழிந்தன.

உண்ட உணவு உடலில் எவ்வாறு செரிக்கிறது என்பதே அவரது முதற்பெரும் ஆராய்ச்சி. அக்காலத்தில் விலங்கை அறுத்து, அது இறக்கும் தறுவாயில் அவசரமாக உறுப்புகளைப் பார்ப்பதே வழக்கம். வலியால் துடிக்கும் உடல் இயல்பாக வேலை செய்யுமா? செய்யாது என்று பாவ்லோவ் உணர்ந்தார். நலமாக உண்டு உறங்கி உலாவும் நாயே உண்மையைக் காட்டும் என்பது அவர் கொள்கை. எனவே, மனிதருக்குச் செய்வது போலவே மிகத் தூய்மையான அறையில் நாய்களுக்கு அறுவை செய்தார். உடல் தேறும் வரை அவற்றைத் தனி அறைகளில் வைத்துப் பேணினார். 1894ஆம் ஆண்டில் துருஷோக் என்ற நாயின் இரைப்பையின் ஒரு பகுதியைத் தனிச் சிறு பையாகப் பிரித்து, உணவு கலவாத தூய இரைப்பை நீரைப் பெற்றார். துருஷோக் என்றால் ருஷ்ய மொழியில் நண்பன் என்று பொருள்.

நாயே மருத்துவருக்கு வழி காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. கணையத்திலிருந்து வடியும் நீர் ஒரு நாயின் வயிற்றுத் தோலை அரித்துப் புண்ணாக்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால், அந்நாய் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்துக் குவித்திருந்தது. வேறிடத்தில் கட்டினார்கள், அங்கும் அவ்வாறே செய்தது. அது வெறும் குறும்பு அன்று. அக்குவியலின்மேல் அது படுத்ததால் ஈரம் உறிஞ்சப்பட்டு, புண் ஆறத் தொடங்கியிருந்தது. அதன்பின் மணற்படுக்கை அமைத்துக் கொடுத்தனர். அடித்து அடக்கியிருந்தால் அந்தப் பாடம் கிடைத்திருக்குமா?

இவ்வாராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ருஷ்யர் அவரே. ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. உணவு கொடுப்பவரின் காலடி ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவது செரிமான ஆராய்ச்சிக்குத் தொல்லையாக இருந்தது. அந்தத் தொல்லையையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக அவர் எடுத்துக்கொண்டார்.

நாய் நினைத்தது, நாய் விரும்பியது என்று ஊகித்துப் பேசுவதை ஆய்வுக்கூடத்தில் தவிர்க்கச் சொன்னார். எத்தனை துளி எச்சில் ஊறியது என்று அளந்து பார்க்கச் செய்தார். ஒரே சீராக ஒலிக்கும் தாளக்கருவியை இயக்கி, உடனே உணவு கொடுத்தனர். பலமுறை இவ்வாறு செய்தபின், உணவின்றி அவ்வொலி மட்டும் கேட்டாலே எச்சில் ஊறியது. மணியைப் பற்றியே பலரும் கூறுவர். ஆனால் ஒளி, தொடுதல் முதலியவற்றையும் அவர் பயன்படுத்தினார். பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல் ஒன்று. பழக்கத்தால் அமைவது மற்றொன்று. பின்னதையே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ஆக்கநிலையுறுத்தல் என்று படிக்கிறோம்.

நாய் வளர்ப்போர் இதிலிருந்து அறிய வேண்டியவை பல. அடையாளம் முதலிலும் உணவு அதன் பின்னும் வரவேண்டும். மாற்றிச் செய்தால் நாய் கற்பது அரிது. ஒலி மட்டும் எழுந்து உணவு வாராமற்போனால், கற்ற பழக்கம் சிறிது சிறிதாக மறையும். எல்லா நாய்களும் ஒரே இயல்பின அல்ல. துடிப்பானவை, அமைதியானவை, எளிதில் கொதிப்பவை, அஞ்சி ஒடுங்குபவை என நால்வகை உண்டென்று அவர் கண்டார்.

மற்றோர் ஆய்வு நெஞ்சைத் தொடுவது. வட்டம் தெரிந்தால் உணவு உண்டு, நீள்வட்டம் தெரிந்தால் உணவு இல்லை என்று ஒரு நாய்க்குக் கற்பித்தனர். பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டம்போல் ஆக்கிக்கொண்டே சென்றனர். வேறுபாடு காண இயலாத நிலை வந்தபோது, அதுவரை அமைதியாயிருந்த நாய் ஊளையிட்டது, கருவிகளைக் கடித்தது, முன்பு எளிதாகச் செய்ததையும் மறந்தது. 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் புகுந்தபோது, கூண்டுகளில் நீந்தித் தத்தளித்த நாய்களை ஊழியர்கள் மீட்டனர். அவற்றுள் சில, கற்றதை எல்லாம் இழந்திருந்தன. தாங்க இயலாத குழப்பமும் அச்சமும் அறிவைக் கலைத்துவிடும் என்பதை உலகம் அறிந்துகொண்டது. நாய்க்குப் பொருந்தும் இவ்வுண்மை குழந்தைகளுக்கும் பொருந்தும். ஆசிரியர்களும் பெற்றோரும் இதை மறத்தல் ஆகாது.

இவ்வறிவைப் பெற நாய்கள் கொடுத்த விலை பெரிது. அறுவையையும் அச்சத்தையும் அவை தாமாக விரும்பி ஏற்கவில்லை. இன்று பல நாடுகளில் விலங்காய்வுக்குக் கடுமையான விதிகள் உள்ளன. பாவ்லோவும் அக்கடனை உணர்ந்திருந்தார். அவர் பணியாற்றிய ஆய்வு நிலையத்தின் வளாகத்தில், அவர் விருப்பப்படி 1935ஆம் ஆண்டில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு, 1936 பிப்ரவரி 27ஆம் நாள், தம் 86ஆம் வயதில் அவர் மறைந்தார். அச்சின்னம் இன்றும் அங்கே நிற்கிறது.

மாணவ மணிகளே! உங்கள் நாய் ஏன் இப்படிச் செய்கிறது என்று வியந்தால், கல்லையோ கம்பையோ எடுக்காதீர்கள். பொறுமையுடன் உற்றுநோக்குங்கள், கண்டதைக் குறித்து வையுங்கள். வாயில்லா உயிரை வருத்தாமல், அதனிடமே விடையைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள்.