நடிக்கிறா என்று சொன்னோம்

கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்குப் போகும் வழியில் எங்கள் பெரியும்மாவின் வீடு இருக்கிறது. அந்த வீட்டு ராத்தாவை ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் நடிக்கிறா என்று சொன்னோம். நானும் சொன்னேன். அப்போது நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்தேன். விஞ்ஞானம் என் பாடம். அதனால் என் பங்குக் குற்றம் மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம் கூட.

முதலில் அவருக்கு ஒரு கண் மங்கியது. மூன்று கிழமையில் தானாகவே சரியாகியும் விட்டது. 2006 ஆகஸ்டில் சண்டை வந்து மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது அவருடைய வலது கால் இழுபட ஆரம்பித்தது. பயந்துவிட்டா என்றார்கள் சிலர். ஜின்னின் பார்வை என்றார்கள் வேறு சிலர். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், தாயத்துக் கட்டினோம். உச்சி வெயிலில் கிணற்றடிக்கு நடக்க ஏலாதவர், மஃரிபுக்குப் பிறகு காற்று வீசியதும் எழுந்து நடந்தார். அதைக் கண்ட பிறகுதான், முகாமில் சமையல் வேலைக்குக் கள்ளம் செய்கிறா என்ற கதை பிறந்தது. கொழும்பில் ஒரு நரம்பியல் வைத்தியர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று சொல்லும்வரை ஆறு வருடம் அந்தக் கதையோடுதான் அவர் வாழ்ந்தார்.

ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. நோய் வந்தால் மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தண்ணீர் ஓதிக் கொடுத்த கையோடு நரம்பு வைத்தியரிடமும் கூட்டிப் போயிருக்கலாம் என்பதுதான் என் கவலை.

மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., தொற்று நோய் அல்ல. மின்சார வயரைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நமது நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் அந்த உறையைத் தாக்கி, மூளையிலும் முண்ணாணிலும் அங்கங்கே தழும்புகளை உண்டாக்கிவிடுகிறது. உறை கழன்ற நரம்பு உடல் சூடேறும்போது செய்தியைச் சரியாகக் கடத்தாது. ராத்தா வெயிலில் துவண்டதற்கும் இரவில் எழுந்ததற்கும் இதுதான் காரணம்.

இந்த நோயைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பாரிஸ் நகரத்து வைத்தியர் ழான் மார்ட்டின் ஷார்கோ. அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் ராத்தாவின் கதையை இவரிடமிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஷார்கோ 1825 நவம்பர் 29ஆம் திகதி பாரிஸில் பிறந்தார். தகப்பன் குதிரை வண்டி செய்யும் தொழிலாளி. நான்கு பிள்ளைகளையும் மேற்படிப்புப் படிப்பிக்க வசதியில்லை, நன்றாகப் படிப்பவன் ஒருவனே படிக்கட்டும் என்று தகப்பன் முடிவெடுத்ததாகவும் அது ஷார்கோவுக்கு வாய்த்ததாகவும் சொல்வார்கள். ஓவியம் வரைவதில் அவருக்குப் பெரிய விருப்பம். அதிகம் பேசாதவர். எதையும் நெடுநேரம் உற்றுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். பின்னாளில் அவரை ஆளாக்கியது இந்தப் பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

1862இல் அவர் சல்பெத்ரியேர் என்ற ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பு வைத்தியராகப் போனார். கூடவே வுல்பியன் என்ற நண்பரும் போனார். ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் அது அப்போது பெயருக்குத்தான். ஒரு காலத்தில் வெடியுப்பை வைத்து வெடிமருந்து செய்த இடம் அது. 17ஆம் நூற்றாண்டில் ஏழைப் பெண்களை அடைத்து வைக்கும் விடுதியாக மாற்றினார்கள். ஷார்கோ போனபோது ஏறக்குறைய 5000 பெண்கள் அங்கே இருந்தார்கள். வயதானவர்கள், வலிப்புக்காரர்கள், முடமானவர்கள், புத்தி பேதலித்தவர்கள் என்று எல்லோரும் ஒரே மதிலுக்குள். முன்னேற நினைத்த வைத்தியர்கள் அங்கே நெடுநாள் தங்க விரும்பவில்லை. ஷார்கோவும் வுல்பியனும் வாட்டு வாட்டாகப் போய், ஒவ்வொரு பெண்ணையும் பரிசோதித்து, அவரவர் கதையைக் கேட்டு எழுதி வைத்தார்கள். யாரும் பார்க்காமல் விட்ட அந்தக் கூட்டத்திலிருந்துதான் இன்றைய நரம்பியலின் பெரும் பகுதி வந்தது.

அவருடைய முறை எளிமையானது, ஆனால் மிகுந்த பொறுமை வேண்டியது. நோயாளி உயிரோடிருக்கும்போது வருடக்கணக்காகக் குறிகளைக் குறித்து வைப்பது. இறந்த பின் மூளையையும் முண்ணாணையும் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, எந்தக் குறி எந்த இடத்துப் பழுதினால் வந்தது என்று பொருத்துவது. நம் சமூகத்தில் ஜனாஸாவை அறுத்துப் பார்ப்பதென்றால் மனம் ஒப்பாது. அந்த ஏழைப் பெண்களுக்கு வேண்டாமென்று மறுக்கும் நிலை எவ்வளவு இருந்திருக்கும் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இன்று ராத்தாவுக்கு நோய் என்னவென்று தெரிவதற்கு அவர்களுடைய உடல்கள்தான் வழி செய்தன.

அவர் வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். அவளுக்குக் கை நடுக்கம். கோப்பைகளும் பீங்கான்களும் அடிக்கடி கைதவறி உடைந்தன. வேறு வீடாயிருந்தால் ஒரு கிழமையில் நிறுத்தியிருப்பார்கள். ஷார்கோ அவளை வைத்துக்கொண்டு, அந்த நடுக்கத்தைக் கவனித்தார். வேலை செய்ய முடியாத நிலை வந்ததும் சல்பெத்ரியேரில் சேர்த்தார். அவள் இறந்த பின் பரிசோதித்தபோது நரம்பு மண்டலத்தில் அங்கங்கே கெட்டியான திட்டுகள் இருந்தன.

இந்தத் திட்டுகளை அவருக்கு முன்பும் கண்டிருக்கிறார்கள். 1830களிலும் அதையொட்டிய வருடங்களிலும் இங்கிலாந்தில் கார்ஸ்வெல், பிரான்ஸில் குருவெய்லியே ஆகிய இருவரும் அவற்றை அழகாக வரைந்தும் வைத்திருந்தார்கள். ஆனால் உயிரோடிருக்கும் ஆளைப் பார்த்து, இவருக்கு இன்ன நோய் என்று உறுதியாகச் சொல்லும் வழியை 1868இல் தன் விரிவுரைகளில் தெளிவாக வைத்தவர் ஷார்கோ. பார்க்கின்சன் நோயில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும், இந்த நோயில் ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டும்போது நடுங்கும் என்று பிரித்துக் காட்டினார். மாணவர்களுக்கு வித்தியாசம் விளங்க, நோயாளிகளின் தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பி வைத்து, இறகு ஆடும் விதத்தைக் காட்டுவார். கரும்பலகையில் கலர் சோக்கால் நரம்புகளை வரைந்து படிப்பிப்பார். நானும் ஒரு வாத்தியார்தான். இந்த இடத்தில் எனக்கு அவர் மீது பொறாமை வருகிறது.

கண்விழி துடிப்பது, பேச்சு அசை அசையாக உடைந்து வருவது, நீட்டும் கை நடுங்குவது ஆகிய மூன்றையும் அவர் முக்கிய குறிகளாகச் சொன்னார். எல்லோரிடமும் மூன்றும் சேர்ந்து இருக்காது என்றும் பிறகு எச்சரித்தார். நோய் சில காலம் தணிந்து மீண்டும் வரும் என்பதையும் கவனித்தார். உறை அழிந்தாலும் உள்ளிருக்கும் நரம்பு இழை பெரும்பாலும் தப்பி நிற்பதை நுணுக்குக்காட்டியில் கண்டு வரைந்தார்.

பக்கவாதம், நடுக்கம், நரம்புத் தளர்ச்சி என்று ஏதேதோ பெயரில் கிடந்தவர்களுக்கு ஒரு சரியான பெயர் கிடைத்தது. மருந்து கிடைக்கவில்லை. தங்க உப்பு, வெள்ளி உப்பு, நாக உப்பு, எட்டிக்கொட்டையில் இருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின் என்று அந்தக் காலத்தில் இருந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். எதுவும் நிலைத்த பலன் தரவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார்.

அதன் பிறகு அவர் புகழ் உச்சிக்குப் போனது. 1882இல் நரம்பு நோய்களுக்கென்று பாரிஸில் தனிப் பேராசிரியர் பதவி உண்டாக்கி அவரை நியமித்தார்கள். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். 1885இல் வியன்னாவிலிருந்து வந்த இளம் வைத்தியர் பிராய்ட் அவர்களில் ஒருவர். தன் மகன் ஒருவனுக்கு ஷார்கோவின் பெயரையே வைக்கும் அளவுக்கு அவர் கவரப்பட்டார்.

ஷார்கோவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அடுத்த பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் கடக்க விரும்பவில்லை. அந்த வருடங்களில் அவர் ஹிஸ்டீரியா பக்கம் திரும்பினார். உடலில் பழுது எதுவும் தெரியாமல் வலிப்பும் முடமும் வருபவர்களை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பெண்களுக்கு மட்டுமல்ல, வேலைத்தலத்தில் விபத்துக்குள்ளான ஆண்களுக்கும் இது வரும் என்று அவர் வாதாடியது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெண்களைச் சபை நிறைந்த மண்டபத்தில் நிறுத்தி, ஹிப்னாட்டிசம் செய்து, எல்லோருக்கும் காட்டினார். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்த நோயாளிகள் அதையே செய்தார்கள். நான்சி நகரத்து வைத்தியர் பெர்ன்ஹைம் இதைச் சுட்டிக்காட்டியும் ஷார்கோ இலகுவில் ஏற்கவில்லை. கோப்பை உடைந்தபோது பொறுமையாகப் பார்த்திருந்த அதே மனிதர், தான் காண விரும்பியதையே காணும் நிலைக்கு வந்திருந்தார். கடைசிக் காலத்தில் ஹிஸ்டீரியா பற்றிய தன் கருத்தை முழுக்க மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக அவருடைய செயலாளர் பிறகு தெரிவித்தார். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. 1893 ஆகஸ்ட் 16ஆம் திகதி, 67 வயதில், பிரயாணத்தில் இருந்தபோது நெஞ்சு வருத்தத்தால் இறந்தார்.

அவர் போன பிறகும் எம்.எஸ். உள்ள எத்தனையோ பெண்கள் ஹிஸ்டீரியாக்காரிகள் என்று ஒதுக்கப்பட்டார்கள். எங்கள் முகாமில் நடந்ததும் வேறல்ல, நாங்கள் ஜின் என்றும் கள்ளம் என்றும் சொன்னோம். ஸ்கேனில் இந்தத் தழும்புகளைப் பார்க்கும் வசதி 1980களில்தான் வந்தது. நோயின் போக்கைக் குறைக்கும் முதல் மருந்தான இன்டர்பெரோன் பீட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993இல். ஷார்கோ இறந்து சரியாக நூறு வருடம். இப்போது இன்னும் பல மருந்துகள் இருக்கின்றன. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கால்களைக் காப்பாற்றலாம். ராத்தாவின் அந்த ஆறு வருடத்தின் விலை இங்கேதான் இருக்கிறது.

குளிர் நாடுகளில் அதிகமும் நம்மைப் போன்ற நாடுகளில் குறைவுமான நோய் இது. அதனால் இங்கே யாருக்கும் இது முதலில் நினைவுக்கு வருவதில்லை. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடையில். ஒரு கண் நோவோடு மங்கி, பிறகு தெளிந்தால், இடுப்புக்குக் கீழே மரத்துப் போனால், கால் இழுபட்டால், வெயிலிலும் காய்ச்சலிலும் அது கூடினால், உங்கள் வீட்டுப் பிள்ளையை நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது எம்.எஸ். ஆக இல்லாமலும் போகலாம். அதே போன்ற, ஆனால் வேறு மருந்து வேண்டிய நோய்களும் உண்டு. அதைப் பிரித்துச் சொல்வது வைத்தியரின் வேலை.

ராத்தா இப்போது ஒரு கைத்தடியுடன் நடக்கிறார். அசருக்குப் பிறகு அயல் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார், பேன் காற்றுக்குக் கீழே. சென்ற கிழமை இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முகாம் பகுதி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்காரப் பெண்ணின் இடம் வந்ததும், அவள் எத்தனை கோப்பை உடைத்தாளாம் என்று கேட்டுச் சிரித்தார். பிறகு தேத்தண்ணி கொண்டு வந்து தந்தார், பாதிக் கோப்பைதான் ஊற்றியிருந்தார்.