செடிகொடிகளுக்குப் பெயர் சூட்டிய பேரறிஞர்

ஒரே செடி ஊருக்கொரு பெயரால் வழங்குதல் உலகியல்பு. ஐரோப்பிய அறிஞர்களோ செடியின் தோற்றத்தை இலத்தீன் மொழியில் விரித்துரைக்கும் நெடுந்தொடரையே அதன் பெயராகக் கொண்டனர். அதனை நினைவிற் கொள்ளுதல் அரிது. மருந்துச் செடி மாறினாலோ உயிருக்கே கேடு. இக்குறையை நீக்கியவர் கார்ல் லின்னேயசு.

அவர் சுவீடன் நாட்டில் 1707ஆம் ஆண்டு ஒரு சமயகுருவின் மகனாய்ப் பிறந்தார். குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தின் பெயரைத் தழுவியே தந்தையார் லின்னேயசு என்னும் குடிப்பெயரைப் பூண்டிருந்தார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற நாளில் மைந்தரை வறுமை வாட்டியது. அவர்தம் செடியறிவை வியந்த ஓலாப் செல்சியசு என்னும் பேராசிரியர் தம் இல்லத்தில் உணவும் உறையுளும் நல்கினார். 1732இல் லின்னேயசு லாப்லாந்தின் காடும் மலையும் கடந்து செடிகளை ஆராய்ந்தார். 1741இல் தாம் பயின்ற கழகத்திலேயே பேராசிரியரானார்.

1753இல் அவர் வெளியிட்ட நூல், ஏறத்தாழ 6,000 செடியினங்களுக்கு இருசொற்பெயர் வழங்கியது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் அதன் வகையையும் சுட்டும். மாமரத்திற்கு அவர் இட்ட பெயர் மாஞ்சிபெரா இண்டிகா. தென்னாட்டு மாங்காய் என்னும் சொல், போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பா சென்று, அப்பெயரின் முதற்சொல்லில் அமர்ந்தது. இந்திய நாட்டிற்குரிய மாங்கனி தரும் மரம் என்பதே அதன் பொருள்.

லாப்லாந்தில் தாழ்ந்து படரும் சிறு செடியொன்றை அவர் பெரிதும் விரும்பினார். ஆலந்து அறிஞர் குரோனோவியசு அதற்கு அவர் நினைவாக லின்னேயா எனப் பெயரிட்டார். 1778இல் லின்னேயசு மறைந்தார். மரத்தினின்று பெயர்பெற்ற குடியில் தோன்றியவர், செடியொன்றன் பெயராகி இன்றும் வாழ்கின்றார்.